ரொறன்ரோவுக்கு எத்தனை மில்லிசெக்கன்?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் முற்பகல், வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டின் வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். கழுத்திலே நிறுவனத்தின் அடையாள அட்டை. கையிலே வர்ணத் துண்டுப்பிரசுரங்கள். வீடு வீடாகச் சென்று இணைய இணைப்பு விற்பவர். வெயிலில் வந்த பிள்ளையை உள்ளே அழைத்து, இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், "சேர், உங்களுக்கு எத்தனை எம்பிபிஎஸ் வேணும்?" என்று தமது தொழிலைத் தொடங்கினார்.

"அதைப் பிறகு பார்ப்போம் தம்பி. உங்கள் இணைப்பில் இரவு எட்டு மணிக்கு ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெக்கன் எடுக்கும்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னையும் எனது நரைத்த தலையையும் ஒருகணம் பார்த்தார். "சேர் கேம் விளையாடுறீங்களா?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை கேட்டவர்கள் எல்லோரும் கணனி விளையாட்டுப் பிள்ளைகள்தானாம்.

நான் விளையாடுவதில்லை. அக்காவுடன் பேசுகிறேன். அதற்காகவே எழுபது வயதைக் கடந்த பின்னர் மில்லிசெக்கன் கணக்குப் படிக்க நேர்ந்தது. என் போன்ற நிலையில் இருப்போருக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோரின் இணைய இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டும் பிள்ளைகளுக்கும் உதவக்கூடும் என்பதால் அந்தக் கதையை இங்கு எழுதுகிறேன்.

அக்கா என்னிலும் ஏழு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். 1983 ஜூலைக்குப் பின்னர் குடும்பத்துடன் கனடாவுக்குச் சென்றார். அக்காலத்தில் எமது வீட்டில் தொலைபேசி இல்லை. பத்திரிகைக் காரியாலயத்துக்கு அக்காவின் அழைப்பு வரும். இலங்கையின் வெளிநாட்டு அழைப்புகளில் பெரும்பகுதி பாதுக்கையில் இருந்த செய்மதி நிலையத்தின் ஊடாகச் சென்றுவந்த காலம் அது. புவிநிலைச் செய்மதிகள் பூமியில் இருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. குரல் அங்கே ஏறி இறங்குவதற்குக் கால் செக்கன், மறுமொழி அதேபோல் ஏறி இறங்குவதற்கு இன்னொரு கால் செக்கன். ஆகவே நான் "சுகமா அக்கா?" என்று கேட்டால், அவர் உடனே பதில் சொன்னாலும் அரைச் செக்கன் கழித்தே அது என் காதில் விழும். அதற்குள் பொறுமையிழந்து இரண்டாவது கேள்வியை நான் கேட்டிருப்பேன். இருவர் குரலும் நடுவழியில் மோதும். பின்னர் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம்.

நாளடைவில் நாம் ஒரு முறையைப் பழகிக்கொண்டோம். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். அம்மா காலமான செய்தியையும் அப்படி எண்ணி எண்ணித்தான் அக்காவுக்குச் சொன்னேன்.

கடலடிக் கேபிள்கள் பெருகிய பின்னர் அந்த இடைவெளி மறைந்தது. பிறகு ஸ்கைப் வந்தது, வட்ஸ்அப் வந்தது. நிமிடத்துக்கு எத்தனை ரூபா என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கதைத்த காலம் போயிற்று. கதைப்பது என்றால் எந்நேரமும் கதைக்கலாம் என்ற நிலை வந்தது. அதனால் நாம் குறைவாகக் கதைத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023இல் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை தளர்ந்தது. அதைவிடக் கொடுமையாக, சொற்கள் தளர்ந்தன. புத்தி தெளிவாக இருக்கிறது. சொல்ல நினைப்பதும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதற்குரிய சொல் உரிய நேரத்தில் வருவதில்லை. பேச்சுப் பயிற்சியாளர் வீட்டாருக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான்: அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், காத்திருங்கள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அவருடன் பழைய கதைகள் பேசவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பழைய கதைகள் என்றால் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்.

அவர்களது நாளில் அக்கா தெளிவாக இருப்பது காலை உணவுக்குப் பின்னர். பிற்பகலானால் களைத்துவிடுவார். ரொறன்ரோவில் குளிர்காலத்துக் காலை ஒன்பதரை மணி, கொழும்பில் இரவு எட்டு மணி. நாடு முழுவதும் வேலை முடிந்து வீடு திரும்பி, தொலைக்காட்சியும் யூரியூப்பும் கைத்தொலைபேசியுமாக இருக்கும் நேரம் அது. எமது சிறிய நாட்டின் இணையத்தில் நெரிசல் மிகுந்த நேரத்தில்தான் நான் அக்காவுடன் பேசவேண்டியிருந்தது. நேரத்தை மாற்ற வழியில்லை, இணைப்பைத்தான் மாற்றவேண்டும்.

2024 டிசெம்பரில் நான் மாற்றினேன். தவறாக மாற்றினேன்.

வீட்டில் பல வருடங்களாகச் செம்புக் கம்பியில் வந்த பழைய இணைப்பு இருந்தது. மிக மெதுவானது. காணொளி அழைப்பில் அக்காவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது ஒரு நிறுவனத்தினர் கம்பியில்லாத 4ஜி ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, தமது கைத்தொலைபேசியில் வேகத்தை அளந்து காட்டினர். 40 எம்பிபிஎஸ். பழையதைவிடப் பத்து மடங்கு. ஐம்பது வருடங்களாகப் பத்திரிகையில் பிறர் சொல்வதை இரண்டாவது இடத்தில் விசாரிக்காமல் எழுதாதே என்று இளையவர்களுக்குச் சொல்லிவந்த நான், அந்த எண்ணை எங்கும் விசாரிக்காமல் கையெழுத்திட்டேன்.

அக்காவின் முகம் துலக்கமாகத் தெரிந்தது. ஆனால் பேச்சு குழம்பியது. நான் ஒன்றைக் கேட்பேன். பதில் வராது. அக்கா சொல்லைத் தேடுகிறார் என்று காத்திருப்பேன். பிறகு பார்த்தால் அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருப்பார். இன்னொரு முறை, பதில் வந்து முடிந்துவிட்டது என்று எண்ணி நான் பேசத் தொடங்குவேன். அப்போதுதான் அவர் அரும்பாடுபட்டுக் கண்டெடுத்த சொல் வந்துசேரும், என் குரலின் கீழே நசுங்கியபடி. முன்பு செய்மதிக் காலத்தில் இரண்டு எண்ணினால் போதும். இப்போது எத்தனை எண்ணுவது என்றே தெரியவில்லை. ஒருமுறை கால் செக்கன், மறுமுறை முக்கால் செக்கன். அந்த மௌனம் அக்காவுடையதா, இணைப்பினுடையதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

ஜனவரியில் ஓர் இரவு, அக்கா தமது பேத்திக்கு எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்ல முயன்றார். "கிணத்தடியில... அது... பெரிய..." என்று தொடங்கிச் சொல்லைத் தேடினார். நான் காத்திருந்தேன். மௌனம் நீண்டது. இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி, "வாளியா அக்கா? கயிறா? கப்பியா?" என்று கேட்டேன். அவர் வாய் அசைந்ததைப் பிறகு கண்டேன். நான் கேட்ட மூன்று சொற்களும் அவரிடம் போய்ச்சேர்ந்து, அவர் பிடித்துவைத்திருந்த ஒரு சொல்லைக் கலைத்துவிட்டன. அவர் கையை விரித்தார். "விடு தம்பி" என்றார்.

அன்று அழைப்பு முடிந்த பின்னர் மருமகள் தனியாக எடுத்தாள். "மாமா, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் அம்மாவைக் கதைக்க விடுறியள் இல்லை" என்றாள்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. மறுநாள் காலை ஒரு குறிப்பேட்டை எடுத்து, செய்தி சேகரிப்பவன் செய்வதைப்போல முதலிலிருந்து தொடங்கினேன்.

முதலில் விளங்கிக்கொண்டது, விளம்பரங்களில் வேகம் என்று சொல்லப்படுவது உண்மையில் கொள்ளளவு என்பதை. யாழ்தேவியில் இன்னும் நான்கு பெட்டிகளைப் பூட்டினால் கூடுதலானவர்கள் பயணம் செய்யலாம். ஆனால் அது காங்கேசன்துறையை முன்னதாகச் சென்றடையாது. எம்பிபிஎஸ் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை. மில்லிசெக்கன் என்பது பயண நேரம். பெரிய கோப்பொன்றை இறக்குவதற்கு முன்னது முக்கியம். இருவர் கதைப்பதற்குப் பின்னது முக்கியம். குரல் அழைப்பொன்றுக்கு 100 கேபிபிஎஸ் இருந்தால் போதும். நல்ல காணொளி அழைப்புக்கு 2 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். 40 எம்பிபிஎஸ் வாங்கிய எனக்கு 38 உபயோகமற்றுக் கிடந்தது.

இரண்டாவது, தூரத்தை எந்த நிறுவனத்தாலும் குறைத்து விற்க முடியாது. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. அதாவது 1,000 கிலோமீற்றர் தூரத்துக்குப் போய்த் திரும்ப 10 மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். ஆகவே 27க்குக் குறைய வாய்ப்பில்லை. ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். 140க்குக் குறைய வாய்ப்பில்லை. கேபிள்களோ நேர்கோட்டில் செல்வதில்லை. மேற்கே செங்கடல், மத்தியதரைக் கடல், ஐரோப்பா, அத்திலாந்திக் என்று ஒரு வழி. கிழக்கே சிங்கப்பூர், பசிபிக், அமெரிக்கா என்று மறுவழி. இந்தச் சுற்றுப் பாதைகளையும் இடையிலுள்ள சந்திகளையும் சேர்த்தால், கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு 250 என்பது நல்ல எண். எவராவது 100 தருகிறேன் என்று சொன்னால் அவர் பௌதிகவியலை ஏமாற்ற முயல்கிறார், அல்லது உங்களை.

மூன்றாவது, மனிதர்களின் உரையாடலுக்கு ஒரு எல்லை உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கென ஒரு பரிந்துரையை வைத்திருக்கிறது. ஜி.114 என்பது அதன் இலக்கம். ஒரு திசையில் செல்லும் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களில் எவருக்கும் குறை தெரியாது, 400ஐத் தாண்டக்கூடாது. போய்த்திரும்ப 250 என்றால் ஒரு திசைக்கு 125. எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறோம். அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு துளியும் அக்காவின் சொல்லின் மீது விழுகிறது.

பின்னர் அளக்கத் தொடங்கினேன். கணனியிலேயே பிங் என்ற கட்டளை இருக்கிறது. ஒரு சிறு தகவற்பொதியை அனுப்பி, அது போய்த்திரும்பும் நேரத்தைச் சொல்லும். டிரேஸ்ரூட் என்ற கட்டளை அது எந்தெந்தச் சந்திகளைக் கடந்து செல்கிறது என்று காட்டும். பேரன் இரண்டையும் ஒரே மாலையில் கற்றுத் தந்தான். ரொறன்ரோவிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் தளத்தை இலக்காக வைத்து, பதினான்கு நாட்கள், காலை ஆறு, நண்பகல், இரவு எட்டு, இரவு பத்து என நான்கு வேளையும் நூறு நூறு பொதிகளை அனுப்பி எழுதிவைத்தேன். சராசரியை மட்டும் எழுதவில்லை. மிகக்கூடிய எண்ணையும், திரும்பி வராத பொதிகளையும் எழுதினேன். ஒரு நதியின் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு இறங்கியவர்கள் மூழ்கிய கதை செய்தியாளர்களுக்குத் தெரியும்.

எனது 4ஜி இணைப்பில் காலை ஆறு மணிக்கு 270. குறை சொல்வதற்கில்லை. இரவு எட்டு மணிக்கு 330இல் தொடங்கி 600 வரை தாவியது. நூறில் மூன்று, நான்கு பொதிகள் திரும்பவேயில்லை. ஒரே கோபுரத்தைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளும் இரவில் ஒரே அலைவரிசையைப் பங்குபோடுவதன் விளைவு அது. அழைப்பைக் கெடுப்பது தாமதத்தைவிட இந்தத் தளம்பல்தான். தாமதம் ஒரே அளவாக இருந்தால் மனிதர் பழகிக்கொள்வர். செய்மதிக் காலத்தில் நாம் பழகிக்கொள்ளவில்லையா? நொடிக்கு நொடி மாறினால் பழக முடியாது.

அதே இரவுகளில் வேகத்தை அளந்தால் 25, 30 எம்பிபிஎஸ் என்று காட்டியது. இது எப்படி என்று ஆராய்ந்தபோதுதான் விற்பனையாளர்களின் கைத்தொலைபேசி ரகசியம் விளங்கியது. வேகம் அளக்கும் செயலிகள் இயல்பாகவே ஆக அருகிலுள்ள சேர்வரைத் தேர்ந்தெடுக்கின்றன. அது கொழும்பில் இருக்கும். சிலவேளை அதே நிறுவனத்தின் கட்டடத்திலேயே இருக்கும். அங்கே அளப்பது, வீட்டு வாசலிலிருந்து காலி வீதி வரை வீதி நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். செயலியில் சேர்வரை மாற்றும் வசதி உண்டு. நீங்கள் யாருடன் பேசுகிறீர்களோ அவர்களது நகரத்தைத் தெரிவுசெய்து அளக்கவேண்டும். யூரியூப், பேஸ்புக் ஆகியவை நன்றாக ஓடுவதும் சான்றாகாது. பலரும் பார்ப்பவற்றின் பிரதிகளை அந்நிறுவனங்கள் உள்நாட்டிலேயோ அயலிலேயோ சேமித்து வைத்திருக்கின்றன. அக்காவின் பிரதி கொழும்பில் இல்லை.

அடுத்த மாடியில் இருக்கும் நண்பர் வேறொரு நிறுவனத்தின் ஒளியிழை இணைப்பை வைத்திருந்தார். எனது 4ஜியைவிட மலிவான, 20 எம்பிபிஎஸ் திட்டம். அனுமதி பெற்று, இரவு எட்டு மணிக்குக் கணனியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அவரது மனைவி ஒவ்வொரு நாளும் தேநீர் தந்தார். ஐந்து இரவுகள் அளந்தேன். காலையில் அளந்தபோது 245. இரவில் 250இலிருந்து 265 வரை. ஒரு பொதிகூடத் தொலையவில்லை. பெரிய எண்ணை வாங்கி நான் பெற்றதைவிட, சிறிய எண்ணை வாங்கி அவர் பெற்றது மேலானதாக இருந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றத்தில் ஒரு பங்கு எமது வீட்டுக்குள்ளேயே இருந்தது. எனது குறிப்பேட்டில் சில இரவுகளில் எட்டு மணிக்கு எண் திடீரென 900ஐத் தாண்டியிருந்தது. அதே நாட்களில் பேரன் வகுப்பு முடிந்து எட்டு மணியளவில் வீடு வந்திருக்கிறான். அவன் வாசலுக்குள் நுழைந்ததும் அவனது கைத்தொலைபேசி வைஃபையைப் பிடித்து, அன்று எடுத்த படங்களையெல்லாம் தானாகவே மேலேற்றத் தொடங்கிவிடும். வெளியே செல்லும் பாதை குறுகியது. படங்கள் ரவுட்டரில் வரிசை கட்டி நிற்க, எனது குரல் வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறது. "அப்பப்பா, அது நானா?" என்று கேட்டுவிட்டு, அவனே அந்த அமைப்பை நள்ளிரவுக்கு மாற்றினான். கணனியை வைஃபையில் விடாமல் கேபிளால் ரவுட்டருடன் இணைத்தபோது சிறு தளம்பல்களும் அடங்கின. இணைப்பை மாற்றுவதற்கு முன் இவை இரண்டையும் செய்துபார்ப்பதற்குச் செலவில்லை.

வீட்டுக்கு வந்த இளைஞரிடம் நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாவிட்டாலும், ஒரு நல்ல காரியம் செய்தார். தமது நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த ஒருவருடன் பேசவைத்தார். அவரிடம் நான் கேட்டது: உங்கள் சர்வதேசப் போக்குவரத்து எத்தனை கேபிள்களில் செல்கிறது? ஒன்று அறுந்தால் மற்றத் திசையில் செல்ல இடம் வாங்கி வைத்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்வி எனது தொழில் அனுபவத்தில் இருந்து வந்தது. இலங்கை தீவு என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படித்தாலும், 2004 ஆகஸ்டில்தான் பலருக்கு அது உறைத்தது. கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையில் இந்தியக் கப்பலொன்றின் நங்கூரம் இழுபட்டுக் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியது. இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெருமளவில் நின்றுபோயின. அன்றிரவு வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு நாம் சிற்றலை வானொலியைக் காதில் வைத்துச் செய்தி எழுதினோம். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய கேபிள்கள் அறுந்தபோது மத்திய கிழக்கும் தெற்காசியாவும் தடுமாறின. 

அன்றைய நிலையைவிட இன்று நாம் பாதுகாப்பாக இருக்கிறோம். 1999இல் சேவைக்கு வந்த சீ-மீ-வீ 3 தன் காலத்தை முடித்து ஓய்ந்துவிட்டது. ஆனால் 2005 இறுதியில் வந்த சீ-மீ-வீ 4 இருக்கிறது. 2016இல் வந்த சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரையேறுகிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் மற்றொன்று, நான் மாலையில் நடக்கும் இதே கடற்கரையின் தெற்கே கல்கிசையில் கரையேறுகிறது. எனினும் கேபிள் இலங்கைக்கு வருவது வேறு; உங்கள் நிறுவனம் அதில் போதிய இடத்தை வாங்கியிருப்பது வேறு. இரவு எட்டு மணி நெரிசல் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவர் மறைக்காமல் பதில் சொன்னார். கிழக்கிலும் மேற்கிலும் இடம் இருப்பதாகவும், இரவு நேரத்துக்கான எண்ணைத் தம்மால் எழுத்தில் தரமுடியாது என்றும் கூறினார். எழுத்தில் தரமுடியாது என்று சொன்னதனாலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை ஏற்பட்டது. அது அடுத்த மாடி நண்பர் வைத்திருந்த அதே நிறுவனம் என்பதும் ஒரு காரணம்.

இறுதியில் அந்த ஒளியிழை இணைப்பையே எடுத்தேன். அதுவும் அவர்களது சிறிய திட்டம். இளைஞருக்குப் பெரிய திட்டத்தை விற்றிருந்தால் கூடுதல் தரகு கிடைத்திருக்கும், பாவம். 4ஜி ரவுட்டரை வீசவில்லை. முற்கொடுப்பனவில் மாற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை மறக்கமுடியுமா? ஒளியிழைக்கு வீட்டில் மின்சாரம் வேண்டும். ஆகவே ரவுட்டருக்கு ஒரு சிறிய மின்கலப் பெட்டியும் வாங்கினேன்.

ஸ்டார்லிங்க் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. அதன் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுபவை; பழைய 36,000 கிலோமீற்றர் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஒளியிழை எட்டாத வன்னிக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருக்கலாம். நாலாபுறமும் மாடிகள் எழுந்த வெள்ளவத்தையில், ஒளியிழை வாசலுக்கு வரும்போது, எனக்கு அது தேவைப்படவில்லை.

2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜெத்தாவுக்கு அண்மையில் கேபிள்கள் அறுந்தபோது குறிப்பேட்டை மீண்டும் எடுத்தேன். 250 ஆக இருந்த எண் சில நாட்கள் 300ஐ அண்மித்தது. சுற்றிப் போகிறது என்று விளங்கியது. ஆனால் தளம்பவில்லை. அக்காவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நண்பர்கள் கேட்கும்போது இப்போது சுருக்கமாகச் சொல்கிறேன். எம்பிபிஎஸ் கேட்காதீர்கள், உங்கள் நகரத்துக்கு, உங்கள் நேரத்தில், எத்தனை மில்லிசெக்கன், எவ்வளவு தளம்பல் என்று கேளுங்கள். சொல்வதை நம்பாதீர்கள், அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள அயல்வீட்டில் ஓரிரவு அளந்து பாருங்கள். ஒரே நிறுவனம் வெள்ளவத்தையில் ஒருவிதமாகவும் கொக்குவிலில் வேறுவிதமாகவும் இருக்கலாம். நீண்ட ஒப்பந்தத்தில் முதல் மாதமே கையெழுத்திடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளே, அம்மா அப்பாவுக்கு ஆகப் பெரிய திட்டத்தை எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று திருப்திப்படாதீர்கள். அவர்கள் பேசும்போது இடையில் மௌனம் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.

புதிய இணைப்பு வந்து ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் மாதத்தில், அக்காவிடம் கிணற்றைப் பற்றி மறுபடியும் கேட்டேன். பேத்தியும் பக்கத்தில் இருந்தாள். "கிணத்தடியில... பெரிய... மரம் மாதிரி..." என்று தொடங்கி நிறுத்தினார். திரையில் அவர் கண்கள் மேலே பார்த்தன. இடது கை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. நான் வாய் திறக்கவில்லை. இணைப்பு அறுந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. அது அக்காவின் மௌனம் என்று தெரிந்தது. மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று வரை வந்திருப்பேன்.

"துலா" என்றார் அக்கா.

பிறகு ஆடுகால், பட்டை, வாய்க்கால், வாழை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அன்று இருபது நிமிடங்கள் அவரே பேசினார்.